குளவாழையா, கரிங்கூவளமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக் குளங்களில் பரவியிருக்கும் அந்நிய நீர்ச்செடிகளைக் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, பாதி நேரம் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பத்திரிகைகளில் ஆகாயத்தாமரை, கிராமத்து வாயில் வெங்காயத்தாமரை, மலையாளப் படிவத்தில் குளவாழை: மூன்றும் ஒரே செடி. சித்த மருத்துவர் ஆகாயத்தாமரை கேட்டாலோ, அது முட்டைக்கோஸ் போல இலை அடுக்கி மிதக்கும் பிஸ்டியா.

முதல் வாரமே சறுக்கினேன். வயலோரக் குட்டையில் நீலப்பூவும் பளபளக்கும் இலையும் தெரிந்ததும் குளவாழை என்று குறித்துவிட்டேன். களையெடுக்க வந்திருந்த ஓர் அக்கா சிரித்தார். "தம்பி, இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்." இழுத்தேன், வேரோடு சேறும் வந்தது. அது மோனோகோரியா, மலையாளத்தில் கரிங்கூவளம். இந்த மண்ணிலேயே பிறந்த செடி.

குளவாழை வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு மிதக்கும். இலைக்காம்பு உருண்டு புடைத்திருக்கும். நறுக்கினால் உள்ளே பஞ்சு போலக் காற்றறைகள். ஆனால் நெருக்கியடித்து வளரும் இடத்தில் அந்தப் புடைப்பு மறைந்து காம்பு நெட்டையாகிவிடும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பூத்திருந்தால் கவலையில்லை: மேலிதழில் நீலத் திட்டு, அதன் நடுவே மஞ்சள் பொட்டு, மயிற்பீலிக் கண்ணைப் போல.

ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதக்கும் பெரணி (சால்வீனியா) இன்னொரு வேடிக்கை. பெயரில்தான் ஆப்பிரிக்கா, சொந்த ஊர் பிரேசில். இலையை லென்ஸில் பார்த்தால், மேலே நிற்கும் ரோமங்களின் நுனிகள் ஒன்றுகூடி, முட்டை அடிக்கும் கம்பியைப் போலத் தெரியும். தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவது அதனால்தான். 1980களில் இதைத் தின்னும் பிரேசில் கூன்வண்டைக் கேரளத்தில் விட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் பூச்சி. அதன் புழு தண்டைத் துளைத்துப் பாயலைப் பழுப்பாக்கிவிடும். பழுப்பேறிய பாயலைக் கண்டால் இன்றும் குனிந்து அந்த வண்டைத்தான் முதலில் தேடுகிறேன்.

குட்டைக்கு வருகிறேன். தவற்றைத் திருத்திப் புதுப் படிவம் அனுப்பினேன். அலுவலகத்தில் பழைய தாளே கோப்பில் ஏறியது. பொக்லைன் வந்து கரிங்கூவளத்தை அடியோடு வழித்துக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. மழை முடிந்து மறுபடி போனபோது, வாய்க்கால் வழியாக வந்த நாலைந்து குளவாழைகள் வெறிச்சோடிய தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. இம்முறை இழுத்துப் பார்த்தேன். சேறு வரவில்லை.