மஞ்சள் விளக்கு எரிந்ததும் வந்து என்ன கேட்கிறார்?

ஒரகடம் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருக்கிறேன். ஆபரேட்டருக்குச் சந்தேகம் வந்தால் பொத்தானை அழுத்துவார், மஞ்சள் விளக்கு எரியும், டீம் லீடர் வருவார், கொஞ்ச நேரத்துக்குள் சரியாகாவிட்டால் சிவப்பு எரிந்து உற்பத்தி லைன் நிற்கும். டொயோட்டாவிடமிருந்து வந்த முறை. விளக்கை யாரும் வாங்கி மாட்டிவிடலாம், ஆனால் வந்து நிற்பவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் "யாருய்யா லைனை நிறுத்தினது?" என்றுதான் குரல் வரும். கொஞ்ச நாளில் யாருமே அழுத்துவதில்லை. டார்கெட் சரியாக இருக்கும், கோளாறு மட்டும் கஸ்டமர் வரை போகும்.

இங்கே எங்கள் மேனேஜர் "என்னம்மா ஆச்சு, என்ன வேணும்?" என்பார். அப்ரெண்டிஸ் பெண் ஒருத்தி, "நட்டு இறுகும்போது சத்தம் வேற மாதிரி கேக்குது சார்" என்றாள். அவர் குனிந்து கேட்டார், டூல் ரூமிலிருந்து ஆளை வரவழைத்தார், அளந்து பார்த்தால் நட்டை இறுக்கும் முறுக்குவிசை (டார்க்) குறைவாகத்தான் இருந்தது. மறுநாள் காலை மீட்டிங்கில் அவளையே விளக்கச் சொன்னார், சீனியர் ஆபரேட்டர்கள் நின்று கேட்டார்கள். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தர முடியாது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலையை, 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து நும்மி என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். தகராறுக்கும் லீவுக்கும் பேர்போன பழைய ஆட்களில் பெரும்பாலோரைத்தான் திரும்ப எடுத்தார்கள். அவர்களே லைனை நிறுத்தலாம் என்றார்கள், உதவிக்கு ஆள் ஓடி வந்தது, சீக்கிரமே தரத்தில் அமெரிக்காவின் நல்ல ஆலைகளில் ஒன்றானது. ஆட்கள் சரியில்லை என்று புலம்பும் மேலாளர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஏடி அண்ட் டி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப், 1970-ல் சேவைத் தலைமை, அதாவது தலைவர் முதலில் மற்றவர்களுக்குச் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்ற கருத்து, பற்றி எழுதியபோது வைத்த சோதனை எனக்குப் பிடிக்கும்: தலைவரிடம் சேவை பெற்றவர்கள் வளர்ந்தார்களா, அவர்களும் பிறருக்குச் சேவை செய்ய முன்வருகிறார்களா? யாருக்கு எவ்வளவு வேலை தெரியும் என்று காட்டும் எங்கள் ஸ்கில் போர்டிலும் அதே கணக்குதான். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நான்கு கால்பகுதியாகப் பிரித்த வட்டம், இன்னொருவருக்குக் கற்றுத்தரும் அளவுக்கு வந்தால்தான் நான்காவது பகுதி நிறையும்.

ஆனால் அந்த போர்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர் இல்லை. காலை மீட்டிங்குக்கும் அவர்களைக் கூப்பிடுவதில்லை, நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தில் அவர்கள் பொத்தானைத் தொடுவதும் இல்லை. அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் பேசினேன். சரி என்றார், அடுத்த மாதம் இரவு ஷிஃப்டிலிருந்து ஆரம்பிக்கிறோம்.