ஏழு வெற்றுப் பெட்டிகள்

"எனக்கு ஒண்ணுமே வரலையே" என்றார் மேனேஜர்.

வேலைகளின் நிலவரத்தை ஒரே பக்கத்தில் காட்டும் டாஷ்போர்டு ஒன்றை அமைத்திருந்தேன். என் திரையில் அதன் ஏழு விட்ஜெட்டும் (ஒவ்வொன்றும் ஒரு படமோ பட்டியலோ காட்டும் பெட்டி) ஜொலிக்கின்றன. அவர் திரையில் ஏழு வெற்றுப் பெட்டிகள்.

டாஷ்போர்டை எல்லோருக்கும் பகிர்ந்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் பின்னால் இருந்து, எந்த வேலைகளைக் காட்டுவது என்று பொறுக்கித் தரும் ஃபில்டர் எனக்கு மட்டும் என்றே இருந்திருக்கிறது. வாசலைத் திறந்துவிட்டு அறைகளைப் பூட்டிய கதை.

அனுமதியை மாற்ற இரண்டே நிமிடம்.

அப்புறம்தான் சங்கதி. அவர் கண் நின்றது ஒன்றில் மட்டும்: 10 நாளாக யாரும் தொடாத வேலைகளின் பட்டியல். நான் நிறம் நிறமாகத் தேர்ந்து வைத்த வட்டப் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. (ஒரு மணி நேரம் போனதே அதற்குத்தான்.)

யோசித்தால் அவர் செய்தது சரி. '60% முடிந்தது' என்கிறது அந்த வட்டம். எதில் 60? நடுவில் புது வேலைகள் சேர்ந்தால் சதவீதம் இறங்கும். யாரும் சும்மா இருந்ததாக அர்த்தமில்லை. சேர்ந்தவை ஒரு கோடு, முடிந்தவை ஒரு கோடு என்று வரைந்திருந்தால் இடைவெளி விரிவது பார்த்ததும் தெரிந்திருக்கும்.

மாலையில் நான்கு விட்ஜெட்டைத் தூக்கிவிட்டேன்.

வட்டத்தை எடுக்கத்தான் கை வரவில்லை. கீழே ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.