ஏசி ஓடுகிறது, புழுக்கம் மட்டும் போகவில்லை

எங்கள் படுக்கையறையில் இருப்பது ஒரு டன் ஸ்பிளிட் ஏசி, இன்வர்ட்டர் இல்லாத பழைய வகை. வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் வைக்கவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்ய ஆரம்பித்ததும் தகராறு தொடங்கியது. போட்ட கொஞ்ச நேரத்துக்குக் குளிர்ந்த காற்று வரும். நள்ளிரவு தாண்டினால் சத்தம் மட்டும்தான், காற்று இருக்காது. மெத்தை விரிப்பெல்லாம் நசநசவென்று இருக்கும்.

பார்க்க வந்தவர் அவுட்டோர் யூனிட் பக்கமே போகவில்லை. காற்று வரும் இடத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருக்குங்க, ஏத்திட்டா சரியாயிடும்" என்றார். ஏசியில் இருக்கும் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் ஏற்றினால் ஏற்றியதும் போய்விடும். அப்புறம் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு நானே பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது டிரெயின் பைப்பில் வரும் தண்ணீரை. புழுக்கமான ஊரில் ஏசியின் உடல்நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி வீட்டில் வேறு இல்லை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். காயில் (இன்டோர் யூனிட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) அதைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால், நன்றாக ஓடும் ஏசி மழைக்காலத்தில் தண்ணீர் கொட்டியே ஆக வேண்டும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி அளவு வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் சுமார் 3.5 கிலோவாட். மணிக்கு ஒரு லிட்டர் சொட்டுகிறது என்றால் ஏசியின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீருக்கே போய்விடுகிறது. மழைக்காலத்தில் அறை மெதுவாகக் குளிர்வது இதனால்தான், அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

பைப்புக்குக் கீழே ஒரு வாளியை வைத்துக் கவனித்தேன். முதலில் நன்றாகச் சொட்டியது. நேரம் போகப் போகச் சொட்டு இளைத்து, கடைசியில் நின்றேவிட்டது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சளசளவென்று சத்தம். போய்ப் பார்த்தால் வாளியில் தண்ணீர் கொட்டுகிறது. ஓடும்போது நின்ற தண்ணீர் அணைத்த பிறகு கொட்டினால் உள்ளே பனிக்கட்டி கட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்த இரவு காற்று குறைந்ததும் முன்மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். காயில் முழுக்க ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளை. அந்தப் பனி எங்கே படர்ந்திருக்கிறது என்பது முக்கியம். கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் காயிலின் ஒரு பகுதியில்தான், கேஸ் நுழையும் பக்கமாகப் பனி கட்டும், மற்ற பகுதி வறண்டு கிடக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கட்டியிருந்தால் காற்றோட்டத்தின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். காயில் மேல் போதிய அளவு காற்று ஓடாவிட்டால் அதன் குளிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஆளில்லை, பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி உறைந்துவிடும்.

ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேன் மோடில் போட்டுப் பனியை உருக விட்டேன். (கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையாவது வைத்துச் சுரண்டத் தோன்றும், வேண்டாம். உள்ளே இருக்கும் குழாய் மெல்லியது. குத்தினால் கேஸ் நிஜமாகவே போய்விடும்.) உருகிய பிறகும், அதிகபட்ச வேகத்தில் வைத்தும், காற்று வரும் இடத்தில் பிடித்த டிஷ்யூ பேப்பர் சோம்பலாகத்தான் அசைந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் பிளவு வழியாக டார்ச் அடித்ததில் ஆள் அகப்பட்டார்: புளோயர். அந்த நீள உருளையின் ஒவ்வொரு இதழிலும் கறுப்பாக, ஈரமாக, பஞ்சு போன்ற அழுக்கு அப்பியிருந்தது. ஃபில்டரைத் தாண்டிப் போகும் பொடித் தூசு ஈரத்தில் ஒட்டி, அதன் மேல் பூஞ்சையும் வளர்ந்துவிடுகிறது. இதழ்களின் வளைவு அடைபட்டால் உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றைத் தள்ளாது.

வேறொரு மெக்கானிக்கை அழைத்துப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காற்றோட்டம் அடைபட்ட நிலையில் கேஜ் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) மாட்டினால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி கேஸ் ஏற்றினால், அடைப்பு நீங்கிய பிறகு கேஸ் அளவுக்கு மிஞ்சிப்போய் கம்ப்ரஸருக்குக் கேடு. அதனால் முதலில் சுத்தம், பிறகுதான் அளவு. இன்டோர் யூனிட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் உறை கட்டி, புளோயரைக் கழற்றிக் கழுவினார். வந்த தண்ணீரின் நிறத்தைச் சொல்லாமல் விடுகிறேன். இத்தனை நாள் அதைத்தான் சுவாசித்திருக்கிறோம். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளையும் கழுவினார், அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

மாட்டி ஓடவிட்டு அப்புறம் அளந்தார். உள்ளே போகும் காற்று 29, வெளியே வருவது 19. அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் தடித்த குழாய் கைக்குச் சில்லென்று வியர்த்திருந்தது. கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம், பெயர்ப்பலகையில் போட்டிருந்த அளவை ஒட்டியே வந்தது. கேஸ் அழுத்தமும் சரி. ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பனி கட்டுவது நின்றது, ஆனால் நசநசப்பு முழுக்கப் போகவில்லை. சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்தேன். விடிகாலையில் வெப்பம் 24, ஈரப்பதம் 72. இயந்திரம் சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டதால் இனி அறையைத்தான் பார்க்க வேண்டும். அறையோடு சேர்ந்த குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, ஈர வாடை வரக் கூடாதென்று. அது வெளியே தள்ளும் ஒவ்வொரு கன அடி காற்றுக்கும் ஈடாக ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியாக வெளியிலிருந்து மழைக்காற்று உள்ளே வரும். நாம் காசு கொடுத்து உலர்த்திய காற்றை வெளியே அனுப்பி ஈரக் காற்றை அழைத்துக்கொண்டிருந்தோம். இப்போது குளித்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் அது ஓடும். ஜன்னல் ஓரங்களில் நுரைப் பட்டையும் ஒட்டியாயிற்று.

இன்னொன்று, கூல் மோடில் கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் திரும்ப அறைக்கே ஆவியாக வந்துவிடும். வெளியே வெப்பம் அதிகமில்லாத மழை இரவில் கம்ப்ரஸர் அடிக்கடி நிற்பதால் இது கூடுதலாகத் தெரியும். எங்கள் மாடலில் டிரை மோடு போட்டால் கம்ப்ரஸரோடு ஃபேனும் நின்றுவிடுகிறது. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய டன் வாங்கினாலும் இதே தொல்லைதான். சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது.

இப்போது ஈரப்பதம் 55-க்கும் 60-க்கும் இடையில் நிற்கிறது. இனி மழைக்காலத்துக்கு முன்னால் புளோயரைக் கழற்றிக் கழுவித் தரச் சொல்லியிருக்கிறேன். ஃபில்டரையும் காயிலையும் தண்ணீர் அடித்துவிட்டு சர்வீஸ் முடிந்தது என்று கிளம்புகிறவர்களிடம் இதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.