மாமியின் வாடகை பில்லில் ஓர் எண்ணெய்க் கட்டணம்

நியூயார்க் நகரத்தில் ரென்ட் கன்ட்ரோல் (சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தும் பழைய முறை) வீட்டில் உங்களுக்குத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்களுடைய மாத வாடகை பில்லை வாங்கிப் பாருங்கள். அதில் ‘ஃப்யூயல்’ என்று, கட்டடத்தைச் சூடாக்கும் எண்ணெய்க்காகத் தனியாக ஒரு வரி இருந்தால், அந்தப் பணத்தை வாங்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. 2019 ஜூன் 14-ஆம் தேதி கையெழுத்தான மாநில வாடகைச் சட்டத்தோடு அது ஒழிந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு மாமிக்காக இந்த விஷயத்தில் அலைந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமியும் மாமாவும் 1970-ல் நகரத்தின் குயின்ஸ் பகுதியில், ஃப்ளஷிங்கில் இந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள். அந்த வருடம் முக்கியம். 1947 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடமாக இருக்க வேண்டும். குடியிருப்பவர் 1971 ஜூலை 1-க்கு முன்பிருந்தே தொடர்ந்து அங்கே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் ரென்ட் கன்ட்ரோல். என்னைப் போலப் பிறகு வந்தவர்களுக்குக் கிடைப்பது ரென்ட் ஸ்டெபிலைஸ்டு என்ற இன்னொரு வகைக் கட்டுப்பாட்டு வீடு. அதற்குச் சட்டமும் வேறு, கணக்கும் வேறு. ஸ்டெபிலைஸ்டு வீடுகள் நகரத்தில் பத்து லட்சத்துக்குப் பக்கம். கன்ட்ரோல் வீடுகள் இருபதாயிரத்தை ஒட்டித்தான் மிச்சம். இவ்வளவு குறைவாக இருப்பதால் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, பல மேனேஜ்மென்ட் ஆட்களுக்கும் இந்தச் சட்டம் சரியாகத் தெரியாது.

எண்ணெய்க் கட்டணம் ஒரு காலத்தில் முறையானதாகவே இருந்தது. பாய்லருக்கு வாங்கும் எண்ணெயின் விலை ஏறினால், ஏறியதில் 75 சதவீதத்தை வீட்டுக்காரர் கன்ட்ரோல் வீட்டில் குடியிருப்பவர்களிடம் அறைக் கணக்கில் பிரித்து வாங்கலாம். விலை இறங்கினால் குறைக்கவும் வேண்டும். அதற்கு வருடா வருடம் படிவம் நிரப்பி, குடியிருப்பவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். கணக்கு தப்பு என்றால் எதிர்த்து மனுப் போடலாம். மாமா இருந்தவரை ஒரு படிவத்தையும் விட்டதில்லை. மாமி எடுத்துக் காட்டிய படிவக் கட்டுக்குள் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலில் அவர் போட்ட கணக்கு இருந்தது: நான்கு அறை, அறைக்கு இவ்வளவு, போன வருடத்தைவிட இவ்வளவு அதிகம். ஒரு வருடத்தாளில் ‘ஐந்து அறை’ என்று அச்சாகியிருந்ததை அடித்து நான்காக்கி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

2022-ல் எண்ணெய் விலை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். நியூயார்க்கில் ஹீட்டிங் ஆயில் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. அந்த நேரத்தில்தான் எங்கள் கட்டடம் புது மேனேஜ்மென்ட் கைக்கு மாறியிருந்தது. மாமியின் பில்லில் மூன்று வரிகள் வர ஆரம்பித்தன: வாடகை, ஃப்யூயல், பழைய பாக்கி. படிவம் எதுவும் வரவில்லை. மாமி இரண்டு மூன்று மாதம் கட்டியும் விட்டார். “எண்ணெய் விலை ஏறியிருக்குன்னு டிவியில சொல்றானே, அவன் கேக்கறதும் நியாயம்தானேப்பா” என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்திருக்கிறது.

வாடகையாளர்களுக்கு இலவச ஆலோசனை தரும் ஒரு மையத்தில் கேட்டோம். அங்கிருந்த வழக்கறிஞர் பில்லைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “செக்கை எப்படி எழுதுகிறீர்கள்?” என்பதுதான். காரணம் இருக்கிறது. மொத்தமாக ஒரு தொகைக்குச் செக் கொடுத்தால், அதிலிருந்து முதலில் ஃப்யூயலைக் கழித்துக்கொண்டு, மீதியை வாடகையில் வரவு வைப்பார்கள். அப்புறம் ‘வாடகை பாக்கி’ என்று நோட்டீஸ் வரும். அதனால் சட்டப்படியான வாடகைக்கு மட்டும், சென்ட் பிசகாமல், செக் எழுதச் சொன்னார். செக்கின் கீழே எந்த மாதம் என்பதையும் ‘வாடகை மட்டும்’ என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். கூடவே, 2019 சட்டத்தைக் குறிப்பிட்டு, அந்த வரியை நீக்கி வாங்கியதைத் திருப்பித் தரும்படி ஒரு பக்கத்தில் கடிதம். அதைச் சர்ட்டிஃபைடு தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு அனுப்பினோம்.

பதிலாக வந்தது, பாக்கியைக் கட்டாவிட்டால் வழக்கு என்று சொல்லும் பதினான்கு நாள் நோட்டீஸ். மாமி பயந்துபோனார். “ஏம்பா, இந்தப் பணத்துக்குச் சண்டை போட்டு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டான்னா நான் எங்க போவேன்?” என்று கேட்டார். எண்பதைத் தாண்டிய, தனியாக இருக்கும் ஒருவருக்கு வீட்டு வாசலில் அப்படியொரு தாளை ஒட்டுவது கொடுமை. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சட்டம் இதிலும் தெளிவாக இருக்கிறது: வாடகை கட்டவில்லை என்று ஹவுசிங் கோர்ட்டில் போடும் வழக்கில், வாடகை தவிர வேறு கட்டணத்தைக் கேட்க முடியாது. இதுவும் 2019-ல் வந்ததுதான். வழக்கு வந்தால் இந்த நகரத்தில் இலவச வழக்கறிஞர் பெறவும் வழி உண்டு. இதையெல்லாம் மாமிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

அதன் பிறகு டி.எச்.சி.ஆர் என்னும் மாநில வீட்டுவசதி அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். குயின்ஸ் வாடகை அலுவலகம் அங்கேயே ஜமைக்கா என்ற பகுதியில், யூனியன் ஹால் தெருவில், கெர்ட்ஸ் பிளாசாவில் இருக்கிறது. ஒரு காலத்தில் கெர்ட்ஸ் என்ற பெரிய கடை இருந்த கட்டடம். மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து க்யூ44 பஸ் பிடித்தால் போதும். மாமியும் வந்தார், அந்தக் கடையில் மாமாவுக்குக் குளிர்கோட்டு வாங்கியதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கவுன்டரில் முதல் வார்த்தையிலேயே ‘ரென்ட் கன்ட்ரோல்’ என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஸ்டெபிலைஸ்டு வீட்டுக்கான படிவத்தை நீட்ட வாய்ப்புண்டு. பில்கள், செக்குகளின் நகல், கடிதம், தபால் அட்டை, மாமாவின் பழைய படிவங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணைத்தோம். கட்டணம் எதுவும் இல்லை.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்காரருக்குப் புகாரின் நகலும், பதில் கேட்டுக் கடிதமும் போயின. சில மாதங்கள் சத்தமில்லை. பிறகு மேனேஜ்மென்ட்டின் வக்கீலிடமிருந்து மாமிக்கு ஒரு கடிதம் வந்தது: ஃப்யூயல் கட்டணம் நீக்கப்படும், வாங்கிய தொகை அடுத்தடுத்த வாடகையில் கழிக்கப்படும், நோட்டீஸ் வாபஸ். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. மாமி கட்டியது திரும்பக் கிடைத்தது, ‘பழைய பாக்கி’யும் பூஜ்யமானது. 2019-க்கு முன் மாமா கட்டியதை யாரும் கேட்க முடியாது, அப்போது அது சட்டபூர்வம்.

வாடகையே ஏறாது என்று நினைத்துவிட வேண்டாம். கன்ட்ரோல் வீட்டிலும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வாடகையை ஏற்றலாம், அதற்கு உச்சவரம்பு உண்டு. அது வேறு, எண்ணெய்க் கட்டணம் வேறு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைப்பதும் வீட்டுக்காரரின் கடமை: அக்டோபர் முதல் மே வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால், பகலில் உள்ளே 68 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். இல்லையென்றால் நகரத்தின் உதவி எண்ணான 311-ஐக் கூப்பிடலாம்.

மேல் மாடியில் இன்னொரு கன்ட்ரோல் வீடு இருக்கிறது. அங்கிருக்கும் கிரேக்கத் தாத்தாவின் பில்லிலும் அதே வரி இருந்தது. மாமியே கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மேலே போனார்.