அந்திமல்லிச் செடியும் எங்க வீட்டு பிளட் குரூப் பஞ்சாயத்தும்

போன ஞாயித்துக்கிழமை திருப்பாப்புலியூர்ல அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க கிணத்தடி ஓரத்துல அந்திமல்லி மண்டிக் கிடக்கும், யாரும் நட்டதே இல்ல, மிளகு மாதிரி கறுப்பு விதை விழுந்து விழுந்து தானா முளைக்கிறதுதான். சாயங்காலம் அது பூக்கிற நேரத்துக்கு தம்பி பொண்ணு ப்ளஸ் டூ புக்க தூக்கிட்டு வந்து துவைக்கிற கல்லு மேல உக்காந்துகிட்டு, "அத்தை, நம்ம வீட்டுப் பூ புக்ல வந்திருக்கு பாரேன்"ங்கறா.

வாங்கிப் பாத்தா, கார்ல் கோரன்ஸ். பெத்தவங்க குணம் புள்ளைக்கு எப்படிப் போவுதுன்னு மெண்டல் 1866ல பட்டாணிய வெச்சு எழுதினத 34 வருஷம் ஒருத்தரும் சீண்டல, 1900ல அத தூசி தட்டி எடுத்தவங்கள்ல இந்த ஜெர்மன்காரரும் ஒருத்தர். தூசி தட்டின கையோட, ரெண்டு குணம் சேந்தா ஒண்ணு இன்னொண்ண அமுக்கிடும்ங்கற அந்த ஓங்கு ஒடுங்கு கணக்கு எல்லா இடத்துலயும் செல்லாதுன்னு காட்டினதும் இவர்தான், அதுவும் இந்த அந்திமல்லிய வெச்சே. சிவப்புப் பூச்செடிக்கும் வெள்ளைப் பூச்செடிக்கும் கலப்பு பண்ணா ரோஸ் வருது. சாயம் செய்யற ஜீன் ரெண்டுக்கு ஒண்ணுதான் இருக்கு, அதால பாதிச் சாயம். சரி டிக்காஷன்ல பால் கலந்துடுச்சுன்னு நெனச்சா அதுவும் இல்ல, காபியிலேர்ந்து பாலப் பிரிச்சு எடுக்க முடியாது, ஆனா ரோஸையும் ரோஸையும் சேத்தா அடுத்த தலைமுறைல ஒரு பங்கு சிவப்பு, ரெண்டு பங்கு ரோஸ், ஒரு பங்கு சுத்த வெள்ளைன்னு திரும்பி வந்து நிக்குது. கலந்தது நிறம்தான், ஜீன் கலக்கவே இல்ல.

அதே செடில இன்னொண்ணு. இலைல வெள்ளைத் திட்டு விழுந்த கிளை இருக்கும்ல, அதுல முழு வெள்ளையா போன கிளைல பூத்த பூவுக்கு எந்தக் கிளை மகரந்தத்த போட்டாலும் குட்டிச்செடி வெள்ளையாதான் முளைக்குமாம், பச்சையம் இல்லாம கொஞ்ச நாள்ல செத்தும் போயிடும். பச்சைக் கிளைப் பூன்னா பச்சைதான். அப்பன் யாருன்னு கணக்கே இல்ல, ஏன்னா பச்சையத்த வெச்சிருக்கற பொட்டலம் தாய் வழியா மட்டும்தான் போவுது. 1909ல எழுதியிருக்கார். நம்ம உடம்புல செல்லுக்கு சக்தி செஞ்சு குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான், அம்மாகிட்டேர்ந்து மட்டும்.

இத படிச்சிட்டு இருக்கும்போது எனக்கு ஒன்பது வருஷம் முன்னாடி பாண்டில நடந்த கூத்து ஞாபகம் வந்துடுச்சு. பாப்பா பொறந்து ரெண்டாவது நாள், நர்ஸ் சீட்டு குடுத்தாங்க, ஓ பாசிட்டிவ். நான் ஏ, வீட்டுக்காரர் பி. மாமியார் அந்தச் சீட்ட ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு ரெண்டு தடவ பாத்துட்டு, "நீ ஏ, எம்புள்ள பி, கொழந்த எங்கேர்ந்து ஓ? எங்க வம்சத்துலயே ஓ கெடையாதே"ன்னாங்க. அப்புறம் குரல தாழ்த்தி, தொட்டில்ல ஏதும் மாத்திட்டாங்களான்னு. நான் தையல் போட்ட வலில கெடக்கேன், எனக்கு அழுகையா சிரிப்பான்னே தெரியல.

விஷயம் இவ்ளோதான். பிளட் குரூப் ஜீன் ஏ, பி, ஓன்னு மூணு வகைல கெடைக்குது, ஒரு ஆளுகிட்ட ரெண்டு இருக்கும். ஏவும் பியும் ஒண்ண ஒண்ணு அமுக்காது, சேந்தா ரெண்டுமே தெரியும், அதான் ஏபி. ஓ மட்டும் கூட இருந்தா வாயத் தொறக்காது. ஆக நான் ஏ-ஓ, அவர் பி-ஓன்னா பாப்பாவுக்கு ஓ வர நாலுல ஒரு சான்ஸ், ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனித்தனியா, நாலு பெத்தா ஒண்ணு கட்டாயம் ஓன்னு அர்த்தம் இல்ல. லேண்ட்ஸ்டைனர்ங்கற டாக்டர் 1901லயே குரூப்ப பிரிச்சிட்டார், ஆனா இந்த மூணு வகைக் கணக்கப் போட்டது 1924ல பெர்ன்ஸ்டைன்னு ஒருத்தர், அவர் டாக்டரே இல்ல, கணக்கு வாத்தியார்!

இதுலயும் அவசரப்பட்டு தீர்ப்பு சொல்லக் கூடாது. ஏபி அப்பாவுக்கு ஓ கொழந்த பொறக்காதுன்னுதான் புக் சொல்லும். ஆனா 1952ல பம்பாய்ல பெண்டேங்கற டாக்டரும் கூட இருந்தவங்களும் ஒரு புது ரத்தத்த கண்டுபிடிச்சாங்க, பாம்பே குரூப். ஏ, பி ரெண்டையும் ஏத்தறதுக்கு அடில எச்னு ஒரு பொருள் வேணும், அத செய்யறது வேற ஜீன். கம்பமே நடலன்னா கொடிய எங்க ஏத்துறது? கைல ஏ ஜீன் இருந்தும் டெஸ்ட்ல ஓன்னு காட்டும். நம்ம நாட்டுல சுமாரா பத்தாயிரத்துல ஒருத்தர். அவங்களுக்கு சாதா ஓ ரத்தம் ஏத்தினா ஆபத்து, பாம்பே ரத்தம்தான் வேணும்.

கலர் பத்தி நடந்த பேச்ச எழுதினா விடிஞ்சிடும். குங்குமப்பூ பால் குடிச்சியா குடிச்சியான்னு, குடிச்சேன், காசுதான் போச்சு. தோல் நிறம், உயரம் எல்லாம் மொய் வைக்கிற மாதிரி, நெறைய ஜீன் ஆளுக்கு அம்பது நூறுன்னு போடும், மொத்தம் எவ்ளோன்னு கடைசிலதான் தெரியும். மாநிறத்துல ரெண்டு பேருக்கு ஒண்ணு செவப்பா ஒண்ணு கறுப்பா பொறக்கறதுல ஒரு மர்மமும் இல்ல.

அம்மா காபியோட வந்து, "உன் தம்பி அப்படியே அவன் மாமன், ரெண்டு பேருக்கும் செவப்பு பச்சை தெரியாது"ன்னாங்க. தம்பி மாம்பழத்த அமுக்கிப் பாத்துதான் பழுத்துதான்னு சொல்லுவான். ஆனா மாமன் குடுத்ததில்ல அது, எங்க பாட்டி எக்ஸ் குரோமோசோம்ல மாமாவுக்கும் வந்துச்சு, அம்மாவுக்கும் வந்துச்சு, அம்மாகிட்ட இன்னொரு நல்ல எக்ஸ் இருந்ததால வெளிய தெரியல, ஆம்பளைக்கு எக்ஸே ஒண்ணுதான, அதால தம்பிக்கு தெரிஞ்சிடுச்சு. தம்பி பொண்ணு கொஞ்ச நேரம் பேனாவ கடிச்சிட்டு, "அப்ப எங்கிட்டயும் இருக்கா அத்தை?"ன்னா. இருக்கு, அப்பாவோட ஒரே எக்ஸ் பொண்ணுக்குத்தான போவும்.

மாமியார் கதைய முடிக்கல பாருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்களுக்கு பித்தப்பை ஆபரேஷன், முதல் தடவையா குரூப் பாத்தாங்க. ஓ பாசிட்டிவ். நான் ஒண்ணும் பேசல, சீட்ட மட்டும் கைல குடுத்தேன். அதே மாதிரி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு சொல்றாங்க, "அப்பவே சொன்னேன்ல, பாப்பா என்னை உரிச்சு வெச்சிருக்கான்னு."

எப்ப சொன்னாங்க?