கரண்டிக்கு அடியில் ஒரு நாப்கின்

பேய் வேட்டையாடும் கொரியப் பாடகிகள் மூவரின் கதையான 'கே-பாப் டீமன் ஹண்டர்ஸ்' (2025) அனிமேஷன் படத்தைப் பார்க்கும்போது பாட்டை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையைக் கவனியுங்கள். கரண்டியும் குச்சிகளும் வெறும் மேசையில் படாது. அடியில் காகித நாப்கின். அசல் கொரிய உணவகப் பழக்கம். வசனத்தில் யாரும் இதை விளக்குவதில்லை, அதுதான் சரி.

படத்தில் வரும் நீலப்புலியும் மேக்பை பறவையும் ஜோசோன் (பழைய கொரிய அரச வம்சம்) கால நாட்டுப்புற ஓவியத்திலிருந்து இறங்கியவை. பேய்களின் பாட்டுக் குழுவான சாஜா பாய்ஸின் கருப்புத் தொப்பி உயிரெடுக்க வரும் தூதர்களுடையது (நம்மூர் எமகிங்கரர் வேலை!).

நாயகிகள் ரூமி, மீரா, ஸோயி மூவருக்கும் பேசும் குரல் வேறு, பாடும் குரல் வேறு. அந்த ஆறு பேருமே கொரிய வம்சாவளி. இயக்குநர்களில் ஒருவரான மேகி காங் சியோலில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவர்.

இடிப்பது ஒன்றுதான்: நாயகிகள் வாய் நிறைய அள்ளிப்போட்டுச் சாப்பிடுகிறார்கள், உடம்பு மட்டும் மூவருக்கும் அதே ஒல்லி ஐடல் (கே-பாப் நட்சத்திர) அச்சு.