முதலில் ஆண்டு, பிறகு படை

மேசைப் போர் விளையாட்டுக்காக ரோமானியப் படையையும் கார்த்தேஜியப் படையையும் உருவாக்க விரும்புகிறவர்கள், மினியேச்சர்களை வாங்குவதற்கு முன் எந்த ஆண்டின் படை வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. ரோமுக்கும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கும் இடையிலான இரண்டாம் பியூனிக் போர் கி.மு. 218 முதல் 201 வரை நீடித்தது. அதற்குள் கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபாலின் படை பலமுறை உருமாறியது. கி.மு. 218-இல் அவருடன் ரோன் ஆற்றைக் கடந்த 37 யானைகளில் அடுத்த ஆண்டு எஞ்சியது ஒன்றே ஒன்றுதான். அவர் வென்ற கன்னே களத்தில் யானையே கிடையாது. அவர் தோற்ற ஸாமா களத்திலோ எண்பது யானைகள் நின்றன. யானைகளை மேசையில் நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் உண்டு என்றாலும், நான் கி.மு. 216-ஐ, அதாவது கன்னேயைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ரோமானியப் படைக்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்கு போதுமானது. லீஜியன் என்னும் பெரும் படைப்பிரிவு ஒன்றில் இலகு காலாட்களான வெலிட்டெஸ் 1,200, முதல் வரிசையான ஹஸ்தாதி 1,200, இரண்டாம் வரிசையான பிரின்கிபெஸ் 1,200, கடைசி வரிசையான ட்ரையாரி 600, குதிரை வீரர் 300. ஓர் உருவம் அறுபது வீரர்களைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டால் 75 உருவங்களில் ஒரு லீஜியன் முழுமையாகிவிடும். லீஜியனின் உட்பிரிவுகளான மேனிப்பிள்களில், 120 பேர் கொண்ட ஹஸ்தாதி மேனிப்பிளுக்கு இரண்டு உருவங்கள், அறுபது பேர் கொண்ட ட்ரையாரி மேனிப்பிளுக்கு ஒன்று எனப் பின்னமின்றி வகுபடுவதால் இந்த விகிதம் எனக்குப் பிடித்தமானது. வீரர்களின் தோற்றத்தையும் பாலிபியஸ் சொல்லியிருக்கிறார்: மார்பில் ஒரு சாண் அளவுள்ள சதுரத் தகடு, தலைக்கவசத்தின் மேல் ஊதா அல்லது கறுப்பு நிறத்தில் மூன்று நெட்டிறகுகள், வசதி படைத்தவர்களுக்கு மட்டும் வளையக் கவசம், வெலிட்டெஸ் சிலரின் தலையில் ஓநாய்த் தோல். ஆகவே ஒரே மேனிப்பிளுக்குள் தகடு அணிந்தவரையும் வளையக் கவசம் அணிந்தவரையும் கலந்து நிறுத்துவதே சரி. பட்டைக் கவசமும், ரோமிலுள்ள டிராஜன் தூணில் காணப்படும் இடிச்சின்னக் கேடயமும் பேரரசுக் காலத்துக்கு உரியவை. அந்தத் தூண் எழுந்தது கி.பி. 113-இல். கன்னே வீரர்களின் கேடயங்களுக்கு நான் ஒற்றை நிறத்தை மட்டுமே பூசினேன்.

கார்த்தேஜியப் படை வேறு வகையான உழைப்பைக் கேட்கிறது. ஊதாக் கரையிட்ட குட்டை ஆடையுடன் ஸ்பெயினின் ஐபீரியர், இடுப்புக்கு மேல் ஆடையில்லாத கால் (Gaul) இனத்தவர், கவணேந்திய பலேரியத் தீவினர், கடிவாளமின்றிக் குதிரையோட்டும் வட ஆப்பிரிக்க நுமிடியர் என ஒவ்வோர் இனத்தாரையும் தனித்தனியாக வண்ணம் தீட்ட வேண்டும். இவர்களில் என் மனத்தை மிகவும் ஈர்த்தவர்கள் லிபியர்கள். முந்தைய வெற்றிகளில் கைப்பற்றிய ரோமானிய ஆயுதங்களை ஹன்னிபால் அவர்களுக்கே கொடுத்திருந்ததால், கன்னேயில் அவர்கள் பார்வைக்கு ரோமானியரைப் போலவே இருந்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. எனவே கார்த்தேஜுக்காகவும் ஒரு பெட்டி ரோமானிய உருவங்களை வாங்குங்கள். கைப்பற்றிய பொருள்கள் ஒரே சீராக இருக்க வாய்ப்பில்லை என்பதால் கேடயங்களுக்கு வெவ்வேறு நிறங்களைத் தீட்டி, சிலவற்றில் வெட்டுத் தழும்புகளையும் காட்டினேன்.

உருவங்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டான பேஸின் அளவைக் குறுகலாக வைத்துக்கொள்ளுங்கள். 15 மி.மீ. உருவங்களுக்கு டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்னும் மேசைப் போர் விளையாட்டு விதிகளில் வழங்கும் 40 மி.மீ. அகலம் இந்தப் போருக்கு மிகவும் பொருந்துகிறது. கன்னேயில் ரோமானிய மேனிப்பிள்கள் அகலத்தைவிட ஆழம் பல மடங்கு மிகும்படி நெருக்கி நிறுத்தப்பட்டன. ஹன்னிபாலோ நடுவிலிருந்த கால் இனத்தவரையும் ஐபீரியரையும் பிறையாக முன்னே வளைத்து, இரு முனைகளிலும் லிபியர்களை வைத்திருந்தார். அகன்ற பேஸ்களைக் கொண்டு அந்தப் பிறையை வளைக்கவும் முடியாது, பின்வாங்கச் செய்யவும் முடியாது. இரு படைகளுக்கும் சம புள்ளி மதிப்பு வைத்து ஆடும் வழக்கத்தையும் இந்த ஒரு போருக்காவது கைவிடலாம். ரோமின் காலாட்படை எண்பதாயிரம், கார்த்தேஜின் காலாட்படை நாற்பதாயிரம். குதிரைப்படையில் மட்டும் ஆறாயிரத்துக்கு எதிராகப் பத்தாயிரம். இந்தச் சமமின்மையை மேசையில் கொண்டுவந்தால்தான், ஹன்னிபால் தம் குதிரைப்படையை எவ்வளவு நம்பியிருந்தார் என்பது ஆடுபவருக்கு விளங்கும்.

அடுத்து ஸாமாவை ஆட நினைப்பவர்கள் நுமிடியக் குதிரை வீரர்களின் பேஸ்களில் எந்தத் தரப்பின் அடையாளத்தையும் இடாமல் விடுவது நல்லது. கி.மு. 202-இல் நடந்த அந்தப் போரில் நுமிடிய அரசர் மசினிசா நாலாயிரம் நுமிடியக் குதிரை வீரர்களுடன் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோவின் பக்கம் நின்றார்; ஹன்னிபாலின் இடப்புறத்திலும் நுமிடியர் இருந்தார்கள். கன்னேக்காகத் தீட்டிய அதே உருவங்களை அன்று இரு தரப்புக்கும் பிரித்து நிறுத்தலாம்.